ரயில் தூங்கப் போற நேரம்

சிங்கப்பூர்ல தண்டவாள வேலைக்காக அடுத்த ஞாயிறு எங்க பக்கம் முதல் ரயில் தாமதமாத்தான் கிளம்புமாம். அறிவிப்பு வந்த அஞ்சாவது நிமிஷம் குடும்ப வாட்ஸ்அப்ல மச்சான் ஆரம்பிச்சுட்டார். "இந்தியாவுல ராத்திரி பகல்னு பார்க்காம ஓடுது. இத்துனூண்டு ஊர்ல இங்க ரயில் தூங்கப் போயிடுது!"

இந்திய ரயில்வே தூங்குறதில்ல, வாஸ்தவம்தான். 68,000 கிலோமீட்டருக்கு மேல பாதை, 7,000-க்கு மேல ஸ்டேஷன், தினமும் ரெண்டு கோடி சனம். நம்ம சிங்கப்பூர் மெட்ரோ ரயில், அதான் எம்ஆர்டி, மொத்தமே 240 கிலோமீட்டர் சொச்சம். எல்லா லைனையும் பிரிச்சு எழும்பூர்லேருந்து ஒரே கோடா நீட்டிப் போட்டா விருத்தாசலம் தாண்டும், அரியலூருக்கு எட்டாது. ஆனா அந்தக் கோட்டு மேல தினமும் 30 லட்சம் தடவைக்கு மேல ஆள் ஏறி இறங்குது. தேய்மானத்தைக் கணக்குப் போட்டுக்குங்க.

எங்க அப்பா விருத்தாசலம் பக்கம் தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்மேனா இருந்தவர். கூட்ஸ், எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் எல்லாத்துக்கும் அங்க அதே தண்டவாளம்தான். வேலை பார்க்க 'பிளாக்' வாங்கணும், அதாவது ரெண்டு ரயிலுக்கு நடுவுல கொஞ்ச நேரம். கடப்பாரையோட வெயில்ல உட்கார்ந்திருப்பாங்க. கூட்ஸ் வண்டி லேட்டுன்னா பிளாக் போச்சு. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்த நாள் உண்டு. தூங்காத ரயிலுக்கு விலை அது. சென்னையில ஞாயித்துக்கிழமை மின்சார ரயில் ரத்துன்னு பேப்பர்ல வர்றதும் இதனாலதான், மச்சான் மறந்துட்டார்.

இங்க நள்ளிரவு வாக்குல கடைசி ரயில் டிப்போவுக்குப் போகணும். அப்புறம் பெரும்பாலான லைன்ல பக்கத்துல ஓடுற, ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கிற மூணாவது தண்டவாளத்துல 750 வோல்ட் மின்சாரத்தை நிறுத்தணும். அது உறுதியாகாம யாரும் கீழ காலை வைக்க முடியாது. அஞ்சரை மணிவாக்குல திரும்ப ரயில் வரணும்னா, கையில நிக்கிறது மூணு மணி நேரம். எங்க மாடியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பட்டுக்கோட்டை அண்ணனுக்கு அந்த நேரத்துல தண்டவாளத்தைச் சரிபார்க்கிற வேலைதான். "ஏறும்போது ஸ்பேனரை எண்ணுவோம், இறங்கும்போதும் எண்ணுவோம் தம்பி. ஒண்ணு குறைஞ்சா தேடாம வரமுடியாது"ன்னார். 1987-ல தொடங்கின பாதையில தண்டவாளத்துக்கு அடியில இருந்த மரக்கட்டையை எடுத்துட்டு கான்கிரீட் கட்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் இப்படி ராத்திரி ராத்திரியா நடந்த வேலை.

2024 செப்டம்பர்ல என்ன ஆச்சு? பழைய ரயில் ஒண்ணுலேருந்து சக்கர அச்சைத் தாங்குற அச்சுப்பெட்டி கழண்டு விழுந்து, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல தண்டவாளம் நாசம். ஜூரோங் ஈஸ்டுக்கும் புவோனா விஸ்டாவுக்கும் நடுவுல ஆறு நாள் ரயில் இல்ல. அதைப் பார்த்தப்புறமும் மூணு மணி நேரம் போதும்னு சொல்ல எனக்கு மனசு வரல. தேவைப்பட்டா ஸ்கூல் லீவுல ஒரு வாரம் மொத்தமா மூடட்டும், நான் பஸ்ல போறேன்.

என் வருத்தம் வேற. மச்சான் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எழுந்திரிக்கிறவர், அவருக்கு இதுல நஷ்டமே கிடையாது. முதல் ரயிலைப் பிடிச்சு கிளீனிங் வேலைக்குப் போற ஆன்டிங்களுக்குத்தான் கஷ்டம். அவங்களுக்கு மாத்து பஸ் நேரத்துக்கு வரணும், எங்க நிக்கும்னு தமிழ்லயும் பெருசா ஒட்டணும். குரல் கொடுக்கணும்னா அதுக்குக் கொடுப்போம்.

போன தடவை இப்படி ரயில் லேட்டா விட்ட அன்னிக்கு, காலையில லிஃப்ட்ல அண்ணனைப் பார்த்தேன். முழங்கால் வரை கருப்பு. "முதல் ரயிலே இன்னும் வரலையேண்ணே, எப்படி வந்தீங்க?"

"கம்பெனி லாரிதான் தம்பி."