தோற்றவர் என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நகரசபைத் தேர்தலில் நின்று தோற்ற எங்கள் பகுதித் தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்ததும் பின்வரிசையில் ஒரு குரல்: "ரெண்டு தரம் தோத்த ஆள் எங்களுக்கு என்ன சொல்லப்போறார்?" மண்டபமே சிரித்தது. மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

தோற்பதில் என்ன வெட்கம்? கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வக்கா என்றொரு குட்டி ஊர். அதன் கிராமசபைக்கு 1920இல் ஒரு இளம் வக்கீல் தெரிவானார். பிறகு 1925, 1926 இரண்டு தரமும் பாராளுமன்றத் தேர்தலில் தோல்வி. 1929இல் மாகாணத் தேர்தலில் தோல்வி. 1933இல் பிரின்ஸ் அல்பேர்ட் நகர மேயர் பதவியை 48 வாக்கால் விட்டார். 1938இல் மாகாணக் கட்சித் தலைவராக நின்றார். அவரும் தோற்றார், கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. அவருடைய ஜெர்மன் பெயரையும் பகிடி பண்ணினார்கள். 1940இல்தான் பாராளுமன்றம் போனார். 1957இல் பிரதமர். ஜோன் டீபன்பேக்கர்!

"தோத்தவை எல்லாரும் பிரதமராவினமோ?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தோற்றவனை வாய் திறக்க விடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அவ்ரோ ஆரோ என்ற போர் விமானத் திட்டத்தை 1959இல் நிறுத்தி ஆயிரக்கணக்கானோரின் வேலையைப் பறித்தவர்தானே என்பீர்கள். உண்மைதான், அது வேறு கதை. ஆனால் 1962இல் குடிவரவு விதிகளில் இனப் பாகுபாட்டைப் பெருமளவு நீக்கியதும் அவருடைய அரசுதான். அதைச் செய்த அமைச்சர் எலன் பெயர்குளோ ஹமில்டன் நகரசபையிலிருந்து வந்தவர். அந்தக் கதவு திறந்திராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் சிரிக்க நாங்கள் எத்தனை பேர் இருந்திருப்போம்?

கிராமசபை, நகரசபை என்றால் எங்கள் ஆட்களுக்கு இளக்காரம். குப்பை எடுக்காவிட்டாலும், வாசலில் பனி குவிந்தாலும் யாருக்கு அடிக்கிறீர்கள் போன்? பதவியே இல்லாத அந்தத் தம்பிக்குத்தான். நானும் அடித்திருக்கிறேன். அவர் எனக்காக நகரசபைக்கு மூன்று தரம் எழுதினார்.

போன தேர்தலுக்கு அடுத்த நாள் நல்ல மழை. தம்பி தனியாக வான் வண்டியில் வந்து, எங்கள் முற்றங்களில் நட்டிருந்த தன் தேர்தல் பெயர்ப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு திரிந்தார். கை முழுக்கச் சேறு. தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன், உள்ளே வரவில்லை. "அக்கா, கம்பி குத்தினதில புல்லுக் கொஞ்சம் பழுதாப்போச்சு, குறை நினையாதேங்கோ" என்றார். முதல் நாள் இரவுதான் தோற்ற மனுசன்.

சிரித்தவர்களில் என் சொந்தக்காரரும் இருந்தார்கள். தம்பி திரும்ப நின்றால், அதே இடத்தில் அவருடைய பலகை என் முற்றத்தில் நிற்கும். வீட்டுக்கு வரும்போது பாருங்கள்.