தமிழ் வகுப்பில் டேப்லெட் செய்யாத வேலை

மொரீசியஸ் தொடக்கப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகள் கைக்கு 2018இல் டேப்லெட் வந்தது. இனி ஆசிரியருக்கு என்ன வேலை என்ற பேச்சும் கூடவே வந்தது. தமிழ் வகுப்பைப் பொறுத்தவரை வேலை கூடிவிட்டது என்பேன்.

எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த மொரீசியஸ் பேச்சுமொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் நாலாவது மொழி. 'ஆ, ஆடு' என்று ஆரம்பித்தால் 'ஆடு' என்ற சொல்லே அதற்குப் புதிது. ஆனால் அதே பிள்ளைக்கு 'பிரெட் மூரூம்' தெரியும், 'கறிப்பூலே' தெரியும், 'ரசோன்' தெரியும். முருங்கை, கறிவேப்பிலை, ரசம்! கிரியோலுக்குள் குடியிருக்கும் இந்தத் தமிழிலிருந்து தொடங்க எந்தச் செயலியும் சொல்லித் தராது.

எழுத்தும் அப்படித்தான். 247 எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் ஓட்டுவது பழைய பழக்கம். அ, இ எல்லாம் சுழியும் வளைவுமாகக் கைக்குக் கஷ்டமானவை. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடு. இவற்றோடு ஒரு புள்ளி சேர்ந்தால் படம், மடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை வாசித்துவிடும்.

டேப்லெட்டில் உண்மையான சிக்கல் ஒற்றைக்கொம்பிலும் இரட்டைக்கொம்பிலும் இருக்கிறது. கையால் 'வே' எழுதும்போது கொம்பு முதலில், 'வ' பிறகு. விசைப்பலகையில் தலைகீழ்: 'வ' அடித்த பிறகே கொம்பு, அது தானாக முன்னால் போய் உட்காரும். கைப்பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டினால் அது முந்தின எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். 'வரவேற்பு' 'வரேவற்பு' ஆகிவிடும். முந்தின எழுத்து இல்லாவிட்டால் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை என்று சிவப்பு மையால் அடிப்பது அநியாயம். இரண்டு வரிசையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் 5 நிமிட வேலை.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையைக் கொஞ்ச வருஷம் தள்ளியே வையுங்கள். அது 'உ'வுக்கு u மட்டும் கேட்கும். கிரியோல் வழக்கப்படி o, u என்று இரண்டு எழுத்து தட்டும் பிள்ளைக்கு 'உப்பு' வராது.

 

அடுத்தது உச்சரிப்பு. டேப்லெட் 'ழ'வை அழகாகச் சொல்லும். பிள்ளை சொன்னது சரியா என்று கேட்டுத் திருத்தாது. 'ள'வுக்கு நாக்கு நுனி மடிந்து அண்ணத்தைத் தொடணும். 'ழ'வுக்கு மடியணும், தொடக்கூடாது. கைக்கண்ணாடி ஒன்று போதும். கிரியோல் 'ர' தொண்டையில் பிறப்பது. 'மரம்' சொல்ல வைக்கும்போது நாக்கு நுனியால் மேல்பல் ஈறில் ஒரே ஒரு தட்டு. பிள்ளை அடித்துத் தேய்த்தால் அது 'மறம்' ஆகிவிடும்.

15 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 40 விநாடி, மொத்தம் 10 நிமிடம், தினமும். தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் தேர்வு 2017இல் சிபிஇ போய் பிஎஸ்ஏசி என்று மாறியும் பெற்றோர் கேட்பதென்னவோ மதிப்பெண்ணைத்தான். அதனால் வகுப்பில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த 10 நிமிடம்தான். ஒரு பிள்ளை ஆசிரியர் முன்னால் வாய் திறக்கும்போது மற்ற 14 பேரும் சத்தம் போடாமல் 'ட, ப, ம' தடவிக்கொண்டிருக்க ஏதாவது வேணுமே. அதற்கு டேப்லெட் நல்ல சாமான்.