எலியின் பாத வீக்கம் வடிந்தால் நம் முழங்கால் வலி போய்விடுமா?

நொச்சி, முடக்கறுத்தான், பிரண்டை என்று எதை எடுத்தாலும் “வலி, வீக்கத்தைக் குறைக்கும் என ஆய்வில் நிரூபணம்” என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் இருப்பது எலியின் பாதச் சோதனைதான். சோதனையில் குற்றமில்லை. செய்கிற விதத்திலும், அதிலிருந்து தாவுகிற முடிவிலும்தான் கோளாறு.

1962இல் வின்டர், ரைஸ்லி, நஸ் ஆகியோர் வகுத்த முறை இது. எலிக்கு மருந்தை வாய்வழி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து, பின்னங்காலின் உள்ளங்காலில் 1% காராஜீனன் கரைசலை 0.1 மி.லி. ஊசியில் ஏற்றுவார்கள். (ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்களே, அதே கடற்பாசிச் சரக்குதான்.) பாதம் வீங்கும். மணிக்கொரு தடவை பிளெதிஸ்மோமீட்டர் குழாயில் பாதத்தை முக்கி, கன அளவைக் குறிப்பார்கள். முதல் ஒரு மணி நேர வீக்கத்துக்கு முக்கியக் காரணம் உடலே வெளிவிடும் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள். மூன்றாம் மணியை ஒட்டி வருவது புராஸ்டகிளாண்டின் என்ற இன்னொரு உடல் வேதிப்பொருளின் வேலை. புராஸ்டகிளாண்டினைத் தடுக்கும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் மாதிரி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் இந்தப் பிந்தைய கட்டத்தில் வீக்கம் குறைய வேண்டும். முதல் மணியில் மட்டும் குறைந்துவிட்டு அப்புறம் ஏறினால் அது வேறு கதை.

கெடுவது எங்கே? கணுக்காலில் மையால் கோடு போடாமல் முக்கினால் ஒவ்வொரு முறையும் ஆழம் மாறும். சிறு அளவு மருந்தின் பலன் அந்தப் பிழையிலேயே மறைந்துபோகும். காராஜீனனைச் சரியாக ஊறவிடாவிட்டால் கட்டி தட்டி ஊசியை அடைக்கும். ஒரு எலிக்கு முழு அளவு, அடுத்ததற்குப் பாதி. எது மருந்துக் குழு என்று தெரிந்தவரே அளந்தால் கை தன்னை அறியாமல் சாயும். சாற்றை வயிற்றறைக்குள் ஊசியாக ஏற்றுவது இன்னும் மோசம்: சாறு வயிற்றை எரித்தாலே பாத வீக்கம் குறைந்துவிடும், அதைப் போய் மருந்தின் குணம் என்று எழுதிவிடுவார்கள்.

வலிச் சோதனையிலும் இதே கூத்து. சுண்டெலி வயிற்றில் 0.6% அசிட்டிக் அமிலம் ஏற்றி, அது எத்தனை முறை நெளிகிறது என்று எண்ணுவார்கள். மருந்து தூக்கம் தந்தாலோ தசையைத் தளர்த்தினாலோ எலி நெளியாது. அதனால் சுழலும் தண்டில் எலியை நிற்கவைத்துப் பார்க்கும் ரோட்டாராட் சோதனை கூடவே இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. வீட்டில் நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுப்போம், ஆவி பிடிப்போம், கஷாயம் வைப்போம். ஆய்வுக்கூடத்தில் ஹெக்ஸேன், எத்தனால் போன்ற கரைப்பான்களில் வடித்த சாறு! கிலோவுக்கு 400 மி.கி. எலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள் என்று வைப்போம். எலி அளவை மனித அளவாக மாற்ற வழக்கமாகப் பயன்படுத்தும் 6.2ஆல் வகுத்தால், 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தால், நாளொன்றுக்கு 39 கிராம் காய்ந்த இலை. எந்த வைத்தியர் அவ்வளவு எழுதிக் கொடுக்கிறார்? 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் முற்றிய நொச்சி இலையின் நீர்ச்சாற்றையே எலிக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தது இதனால்தான் எனக்குப் பிடிக்கும். மக்கள் குடிக்கிற வடிவத்துக்கு அது எவ்வளவோ நெருக்கம்.

மனிதரில் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியுண்டு. தாய்லாந்தில் முழங்கால் தேய்மான நோயாளிகள் 367 பேருக்கு நாளொன்றுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாறோ 1,200 மி.கி. ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையோ நான்கு வாரம் கொடுத்தார்கள். 2014இல் முடிவு வந்தது: வலி குறைப்பில் மஞ்சள் சாறு பின்தங்கவில்லை, வயிற்று உபாதையும் குறைவு. ஆனால் அது அளவு நிர்ணயித்த சாறு. குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கு இந்த முடிவைப் பொருத்தாதீர்கள்.

“ரெண்டே நாளில் வலி பறந்துவிடும்” என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்தாலே சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பியிருந்தால் பொடியைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டு இருந்தால் உடல் தாங்காது. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.