பாலோ சாந்தோ: அழியும் மரம் எது?

"பாலோ சாந்தோ குச்சி கொளுத்தாதீங்க, சைட்டீஸ் பட்டியலில் உள்ள அழியும் மரம்" என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். பாலோ சாந்தோ என்பது வாசனைக்காகக் கொளுத்தும் மரக்குச்சி; சைட்டீஸ் என்பது அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அக்கறை சரி, மரம்தான் மாறிவிட்டது. பாலோ சாந்தோ என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. 2010இல் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் ஏறியது புல்னீசியா சார்மியென்டோய். பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா பக்கம் சாக்கோ என்ற சமவெளியின் வறண்ட காடுகளில் வளர்வது, நம்ம நெருஞ்சி குடும்பம். கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். வாசனைத் திரவியங்களில் சேர்க்கும் குவாயக் எண்ணெய் அதிலிருந்துதான் வருகிறது. அறைச் சூட்டில் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும்.

ஊதுபத்திக்குப் பதிலாகக் கொளுத்தும் குச்சி பர்செரா கிராவியோலென்ஸ். எக்வடோர், பெரு கடலோர வறண்ட காட்டு மரம், சாம்பிராணியின் உறவு. கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். எலுமிச்சைத் தோல் வாசம் அடிக்கும், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் என்ற வாசனைப் பொருள் இதன் எண்ணெயிலும் அதிகம். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் ஐயூசிஎன் அமைப்பின் கணக்கில் இது அழிவின் விளிம்பில் இல்லை.

அதற்காக எது கிடைத்தாலும் வாங்கலாம் என்றில்லை. மரம் தானாகப் பட்டு விழுந்து, சில வருஷம் கிடந்தால்தான் கட்டையில் பிசினும் மணமும் ஊறும். பச்சை மரத்தை வெட்டி விற்பவர்களும் உண்டு. அப்புறம், அது வளரும் வறண்ட காடே மேய்ச்சலாலும் விவசாயத்தாலும் சுருங்கிவருகிறது. கவலைப்பட வேண்டியது அதற்கு. விற்பவரிடம் விழுந்த மரமா, எந்த நாட்டுச் சரக்கு என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.