ஷட்டவுன் முடிந்துவிட்டது, சரி. பட்ஜெட்?

2025 நவம்பர் 12 இரவு ட்ரம்ப் நிதி மசோதாவில் கையெழுத்துப் போட்டதும், நிதி ஒதுக்கீடு இல்லாமல் மத்திய அரசின் பல வேலைகள் நின்றுபோயிருந்த 43 நாள் ஷட்டவுன் ஒருவழியாக முடிந்தது. இங்கே அமெரிக்காவில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் வருட பட்ஜெட்டின் பன்னிரண்டு மசோதாக்களில் அன்று முழு ஆண்டுக்கு நிதி கிடைத்தது வேளாண்மை, முன்னாள் படைவீரர் நலன், காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) சொந்தச் செலவு என்று மூன்று மசோதாக்களுக்குத்தான். மீதி ஒன்பதும் 2026 ஜனவரி 30 வரை ‘சி.ஆர்.’ என்கிற தற்காலிக நிதியில் தள்ளிவிடப்பட்டன.

இது ஏதோ அந்த வருடத்துக் கூத்து என்று நினைக்காதீர்கள். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும் முறை வந்ததிலிருந்து எல்லா மசோதாக்களும் கெடுவுக்குள் நிறைவேறியது நான்கே முறை. கடைசியாக 1996இல்.

சி.ஆர். வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். சி.ஆர். என்றால் போன வருடம் எவ்வளவோ அதே அளவில்தான் செலவு. பொதுவாகப் புதுத் திட்டம் எதையும் தொடங்க முடியாது. வருடம் முழுக்கப் போட வேண்டிய ஒப்பந்தத்தை ஏழு வாரத்துக்கு ஒன்று, அடுத்த கெடு வரை இன்னொன்று என்று அதிகாரிகள் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு, மூன்று முறை காகிதம். ஆள் எடுக்க அனுமதி இருந்தும், அடுத்த மாதம் பணம் வருமா என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள்.

சி.ஆரும் கிடைக்காமல் கதவை மூடினால் அடி விழுவது அடிமட்டத்தில். 2019 சட்டப்படி அரசு ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் உண்டு. அதே கட்டடத்தில் இரவில் தரை துடைக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. போன சம்பளம் போனதுதான். இது அநியாயம்.

செனட்டர்கள் ரிபப்ளிகன் லாங்க்ஃபோர்டும் டெமாக்ரட் மேகி ஹாசனும் சேர்ந்து ஒரு மசோதா வைத்திருக்கிறார்கள். கெடு தவறினால் பழைய நிதி 14 நாள், 14 நாளாகத் தானாக நீளும். பட்ஜெட் முடியும்வரை உறுப்பினர்கள் அரசுச் செலவில் ஊருக்குப் போகக் கூடாது, வேறு மசோதாக்களையும் பெரும்பாலும் எடுக்க முடியாது. தானாக நீண்டால் சோம்பேறித்தனம்தான் கூடும் என்பார்கள். அதற்குத்தானே அந்தப் பயணத் தடை! நான் இதை முழுசாக ஆதரிக்கிறேன்.

இங்கே ஓட்டு இருக்கிற நண்பர்கள் உங்கள் செனட்டர் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, இந்த மசோதாவுக்கு அவர் ஆதரவா எதிர்ப்பா என்று கேளுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் சம்பளத்தைப் பற்றியும் கேளுங்கள்.