முந்தின நாள் வேண்டாம், மூன்றாம் நாள் போங்கள்

புயல் பருவம் தொடங்கினால் போதும், இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணா, தாழ்வு மண்டலம் உருவாகியிருக்காம். நாளைக்குக் காத்து கிளம்பிடும். இன்னைக்குச் சாயங்காலம் தூண்டில் போட்டா மீன் வெறி பிடிச்ச மாதிரி அடிக்கும்னு சொல்றாங்க, போகலாமா?" நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஒற்றை வார்த்தையில் சொன்னால் யாருக்கும் மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். புயலுக்கு முந்தின நாள் மீன் நன்றாக அடிப்பது உண்டு. நானே பார்த்திருக்கிறேன். வானம் மூடி வெளிச்சம் மங்கியிருக்கும், கரையை நோக்கி லேசாகக் காற்று வீசத் தொடங்கும், மடவை மீன் கூட்டம் கரையோரமாக ஒதுங்கும், அதன் பின்னாலேயே பாறை மீனும் சீலாவும் வரும். அந்த மங்கலில் நம் லூர் பொய் மீன் என்பது அவற்றுக்குச் சட்டென்று தெரியாது. அரை மணி, ஒரு மணி நேரம் கை ஓயாது. அதை அனுபவித்தவர் பல வருஷம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதே சாயங்காலம் வேறு இடத்தில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் எதையும் சொல்வதில்லை.

இதற்கு எல்லோரும் காட்டும் காரணம் பாரோமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. அழுத்தம் இறங்கினால் மீனுக்குத் தெரியும், பசி எடுக்கும், அடிக்கும் என்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றழுத்தத்தில் 1 மில்லிபார் குறைவது, தண்ணீருக்குள் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மேலே வருவதற்குச் சமம். புயல் நெருங்குகையில் அழுத்தம் 1013-லிருந்து 1003-க்கு இறங்கினால், மீனுக்கு அது 10 சென்டிமீட்டர் மேலே வந்த மாதிரி. ஒரு பாறை மீன் ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்குகிறது. தலைக்கு மேல் ஒரு மீட்டர் அலை கடந்து போனாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்து போய்விடுகிறது. அதனால் பாரோமீட்டர் மட்டும்தான் மீனைப் பசியாக்குகிறது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. வெளிச்சம், காற்று, நீரோட்டம், இரைமீன் ஒதுங்குவது இதெல்லாம்தான் அந்த ஒரு மணி நேரத்தை உண்டாக்குகின்றன என்பது என் கருத்து.

ஆனால் மீனுக்குப் புயல் வருவதே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2001-இல் கேப்ரியல் என்ற வெப்பமண்டலப் புயல் புளோரிடாவை நெருங்கியபோது, டெரா சியா விரிகுடாவில் ஒலிக்கருவி பொருத்தப்பட்டிருந்த இளம் கருமுனைச் சுறாக்கள் புயல் கரை தொடுவதற்கு முன்பே ஆழமான தண்ணீருக்குக் கிளம்பிப் போய்விட்டன. புயல் கடந்த பிறகு திரும்பி வந்தன. ஆய்வாளர்கள் அதை அழுத்தம் இறங்கியதோடுதான் பொருத்திப் பார்த்தார்கள். கவனியுங்கள், அவை வெறியோடு இரை தேட வரவில்லை, இடத்தைக் காலி செய்தன. எல்லா மீனும் அப்படியா என்றால் அதுவும் இல்லை. 2016-இல் மேத்யூ சூறாவளி பஹாமாஸைத் தாக்கியபோது புலிச்சுறாக்கள் நகரவே இல்லை, புயல் போன பிறகு அங்கே அவற்றின் நடமாட்டம் இரண்டு மடங்கானது. செத்து மிதந்தவற்றைத் தின்ன வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2017-இல் ஹார்வி சூறாவளியின் கண் டெக்சஸ் கரையைக் கடந்துகொண்டிருந்தபோதுகூட, புள்ளிக் கடல் டிரவுட் மீன்கள் இனப்பெருக்கத்துக்காக எழுப்பும் ஒலியை நீருக்கடியில் இருந்த மைக்குகள் பதிவு செய்தன. மேலே கூரைகள் பறந்துகொண்டிருக்க, கீழே அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. ஆக, "புயல் வந்தால் மீன் இப்படித்தான் செய்யும்" என்று ஒரே வரியில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

சரி, கடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிறகு ஏன் போக வேண்டாம் என்கிறேன்? அலைதான் காரணம்.

புயலின் காற்று வருவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே அதன் அலை வந்துவிடும். 14 விநாடிக்கு ஒன்றாக வரும் நெடிய அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. புயலோ பல சமயம் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் நகரும். 800 கிலோமீட்டர் தொலைவில் சுழன்றுகொண்டிருக்கும் புயல் அனுப்பிய அலை, ஒரு நாளுக்குள் உங்கள் முன்னால் நிற்கும். இங்கே வெயில் அடிக்கும், காற்று அசையாது, கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் ஆட்கள் படகை இறக்குகிறார்கள்.

நானும் அப்படி ஒரு முறை போனேன். வாடகைப் படகு. "காற்றே இல்லை, மத்தியானத்துக்குள் வந்துவிடலாம், இன்றைக்கு விட்டால் பத்து நாள் கிடைக்காது" என்று படகு ஏற்பாடு செய்தவர் சொன்னார். காலையில் முகத்துவாரத்தைக் கடக்கும்போது ஏற்றநீர், ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது நீர் வற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய, நெடிய அலை உள்ளே வர, இரண்டும் மணல்மேட்டின் மேல் மோதி அலை செங்குத்தாக எழுந்து நின்றது. பின்பக்கம் தூக்கியதும் படகின் முனை தண்ணீரைக் குத்தியது. ஐஸ் பெட்டி வழுக்கி வந்து என் நண்பரை விளிம்போடு சேர்த்து நசுக்கியது. விலா எலும்பு இரண்டில் விரிசல். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் சுருங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் பிடித்தது நடுத்தரமான இரண்டு பாறை மீன்.

அன்றிலிருந்து கரையில் நின்று அலையை எண்ணாமல் நான் படகில் ஏறுவதில்லை. ஒரு அலை உடைவதிலிருந்து அடுத்தது உடைவது வரை விநாடிகளை எண்ணுங்கள், பத்துப் பதினைந்து அலைக்கு. வழக்கமாக 6, 7 விநாடி இருக்கிற கடற்கரையில் 13, 14 வந்தால், உயரம் குறைவாகத் தெரிந்தாலும் முகத்துவாரம் பக்கமே போகாதீர்கள். பாறை மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருபது நிமிஷம் காய்ந்து கிடந்த பாறையை அடுத்த அலை துடைத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம் மின்னல். இப்போது நம் கையில் இருப்பதெல்லாம் கார்பன் ராடு (தூண்டில் கழி). கார்பன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெட்டவெளியில், ஈரக்கையில், இரண்டரை மீட்டர் நீளத்தில் வானத்தை நோக்கி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ராடு தேனீ மாதிரி ரீங்காரம் போடுவதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். லைனை எறிந்தால் அது தண்ணீரில் விழாமல் காற்றில் தயங்கி மிதக்கிற மாதிரி இருந்தது. அப்படி நடந்தால் ராடை அங்கேயே கீழே போட்டுவிட்டு ஓடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை திரும்பப் போக வேண்டாம்.

இனி நல்ல பகுதிக்கு வருகிறேன். புயல் போன பிறகு என்ன செய்வது?

மறுநாளே ஓடாதீர்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், கிளையும் தழையும் லைனில் சிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கடல் நீரால் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்க முடியும். வெள்ளத்தோடு வந்த இலை, சேறு, கழிவு அழுகத் தொடங்கும்போது அதுவும் வற்றும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறல். 2004-இல் சார்லி சூறாவளிக்குப் பிறகு புளோரிடாவின் பீஸ் ஆற்றிலும் அது கலக்கும் விரிகுடாவிலும் ஆக்சிஜன் அடியோடு குறைந்தது இப்படித்தான். அப்படிப்பட்ட தண்ணீரில் இருக்கிற மீன் இரை தேடும் நிலையில் இருக்காது. தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வந்தால், மடவை மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் போலக் காற்று தணிந்து, அலையின் இடைவெளியும் பழைய கணக்குக்கு வரும்போது, முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு கோடு விழும். இந்தப் பக்கம் செம்மண் கலங்கல், அந்தப் பக்கம் பச்சை. நடுவில் நுரையும் சருகும் கயிறு மாதிரி நீளும். மேலே ஓடுவது எடை குறைந்த ஆற்று நீர், அதன் அடியில் ஆப்பு மாதிரி கடல் நீர். இறாலும் குஞ்சு மீனும் வெள்ளத்தோடு அடித்து வரப்பட்டு அந்தக் கோட்டில் வந்து தேங்கும். தெளிந்த பக்கத்தில் வேட்டை மீன் காத்திருக்கும். முதன்முதலில் அதைச் சரியாகக் கண்டுபிடித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆலாக்கள் கோட்டின் மேல் மட்டும் தாழப் பறந்துகொண்டிருந்தன. கலங்கலுக்குள் எறிந்த லூரை எதுவும் தொடவில்லை. கலங்கலிலிருந்து தெளிவுக்கு லூர் கடக்கிற மாதிரி எறிந்தேன். கோட்டைத் தாண்டிய இரண்டாவது அடியிலேயே லைன் கல்லில் மாட்டிய மாதிரி நின்றது, பிறகு ரீல் அலறியது. முதல் மீன் செப்பிலி, அடுத்து வரிசையாகக் கொடுவா. இரண்டு மணி நேரம், அதே கோடு, அதே கோணம்.

வடக்கு ஆஸ்திரேலியாவில் இதை ஒரு பருவமாகவே கொண்டாடுகிறார்கள். மழைக்காலம் முடிந்து வெள்ளச் சமவெளியின் தண்ணீர் ஓடைகள் வழியே வடியும் நாட்களை 'ரன் ஆஃப்' என்பார்கள். நீர் வற்றும் நேரத்தில் ஓடை வாயில் கொடுவா வரிசை கட்டி நிற்கும். அதே பகுதியில் கார்பென்டேரியா வளைகுடாவில் மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் வாழை இறால் அதிகம் கிடைப்பதும் தெரிந்த விஷயம். ஆற்று வெள்ளம் கடலுக்குச் சோறு போடுகிறது. நம்முடைய வேலை அந்தச் சோறு எங்கே வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கூடுதலாகச் சில நாள் பொறுக்க வேண்டும். புயல் கடலைக் கலக்கி அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும், மேற்பரப்பு சில டிகிரி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர் நீரும் சூடான நீரும் சந்திக்கும் ஓரத்தில் சூரை கிடைக்கலாம். மிதக்கும் மரங்களின் நிழலிலும் மீன் ஒதுங்கும். ஆனால் அதே மரம் பாதி மூழ்கிக் கிடந்தால் படகின் அடியைக் கிழித்துவிடும், அதனால் இருட்டில் வேகமாக ஓட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் முக்கியம். இந்தப் பருவத்தில் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்கள் பலர், மீன் வாலை ஆட்டிக்கொண்டு போனாலே பிழைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போராடிய மீன் ஏற்கெனவே ஓய்ந்து போயிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்து நாலு கோணத்தில் போட்டோ எடுத்தால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்ச் செத்துவிடும். மெல்லிய லைனில் விளையாட்டுக் காட்ட வேண்டாம். கொஞ்சம் கனமான லைன் போட்டுச் சீக்கிரம் கரைக்கு இழுங்கள். உயிர் இரை போடுகிறவர்கள் வட்டக் கொக்கி போட்டால் அது தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் வாய் ஓரத்தில் மாட்டும். படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் கிடக்கும்போதே எடுங்கள்.

அந்தக் காலையில் கடைசியாகப் பிடித்த கொடுவா என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்குமான நீளத்தைவிடப் பெரியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீரோட்டத்தைப் பார்த்த மாதிரி தலையைத் திருப்பி, ஒரு கையால் தாடையையும் மறு கையால் வயிற்றையும் தாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் செவுள் திறப்பதே தெரியவில்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பிறகு செவுள் சீராக விரிந்து மூடத் தொடங்கியது. கட்டை விரலை அது அழுத்திக் கடித்தது, வால் ஒரு தடவை என் தொடையில் பலமாக அறைந்தது, கலங்கலுக்குள் போய்விட்டது.