அந்த வயிற்றுக் கிழிசலை யாரும் தைத்துவிடாதீர்கள்

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்குகள் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் அதில் ஒரு படம் போட்டேன். அமெரிக்காவின் சார்லட் நகரத்தில், சல்லன்பர்கர் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிற ஏர்பஸ் ஏ320. 2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியதே, அதே விமானம். மகள் அந்த ஊரில்தான் இருக்கிறாள், இந்தத் தடவை போனபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

குழுவில் எல்லாரும் கைதட்டல் போட்டார்கள். எங்களில் மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், மட்டும் இப்படி எழுதினார்: "தம்பி, காயலாங்கடைக்குப் போக வேண்டிய உடம்பு இது. ஓட்டினவர் கெட்டிக்காரர், அவர் பேரை மியூசியத்துக்கே வச்சாச்சு. அப்புறம் இந்தத் தகரத்தை எதுக்குக் காப்பாத்தணும்? வைக்கிறதுன்னா ஒடுக்கு எடுத்துப் பெயிண்டாவது அடிச்சு வைக்கலாமே."

இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை பலருக்குத் தெரியும். 2009 ஜனவரி 15, யுஎஸ் ஏர்வேஸ் 1549. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட்டுக்குக் கிளம்பி, ஏறக்குறைய 2,800 அடி ஏறியபோது கனடா வாத்துக் கூட்டத்தில் மாட்டியது. இரண்டு எஞ்சினும் போயின. மூன்றரை நிமிடத்துக்குள் ஆற்றில். கேப்டன் சல்லன்பர்கர், துணை விமானி ஸ்கைல்ஸ், பணிப்பெண்கள் மூன்று பேர், பயணிகள் 150 பேர். 155 பேரும் பிழைத்தார்கள். நியூயார்க் ஆளுநர் அன்றைக்கே அதை அற்புதம் என்றார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் நான் பார்த்தவரை, எல்லாரும் மூக்குப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் நேரே வால் பக்கம் போனேன். தொழில் பழக்கம், அடி எங்கே பட்டதோ கால் அங்கேதான் போகும். பின்புற அடிவயிற்றில் தோல் கிழிந்து, உள்ளே இருக்கிற எலும்புகள் வளைந்து கிடக்கின்றன. கிழிசலின் விளிம்பில் வரிசையாக ரிவெட் துளைகள், தகடுகளைப் பிணைக்கிற ஆணிகள் இருந்த இடம். சில துளைகள் வட்டமாகவே இருக்கின்றன, சில இழுபட்டு நீளவாக்கில் முட்டை மாதிரி ஆகியிருக்கின்றன. இழுபட்ட துளை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் இழுத்த விசை. நாற்பது வருடம் ரிவெட்டோடு கிடந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயே இருபது நிமிடம் நின்றிருப்பேன். மகள் வந்து தோளைத் தொட்டுத்தான் கூப்பிட்டாள்.

அந்தக் கிழிசல் என்ன சொல்கிறது தெரியுமா? நீரில் இறங்க நேர்ந்தால் தாங்கும் என்று இந்த ரக விமானத்துக்குச் சான்று கொடுத்தபோது, அது நொடிக்கு 3.5 அடி வேகத்தில் மெதுவாகக் கீழே வந்து தண்ணீரைத் தொடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு வந்தது நொடிக்கு 12.5 அடி. எஞ்சின் இல்லாமல், அத்தனை கெட்டிக்காரர் ஓட்டியும் அவ்வளவு. அதனால் பின்வயிறு பிளந்தது. தண்ணீர் பின்பக்கமாகக் குபுகுபுவென்று ஏறியது. தரைக்கு அடியில் இருந்த ஒரு செங்குத்து உத்திரம் தரையைக் குத்திக்கொண்டு மேலே வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த பணிப்பெண் டொரீன் வெல்ஷின் காலைக் கிழித்துவிட்டது. பின்கதவுகள் தண்ணீருக்குள் போனதால் அங்கிருந்த இரண்டு மிதவைச் சறுக்குகளும் (சறுக்கி வெளியேறவும், தண்ணீரில் படகாக மிதக்கவும் ஆனவை) உதவவில்லை. முன்பக்கம் இருந்த இரண்டும் உதவின. லகார்டியாவிலிருந்து சார்லட் போகிற வழிக்கு அந்த மிதவைகள் கட்டாயமே கிடையாது. கடல் தாண்டிப் போகத் தோதாகத் தயார் செய்திருந்த விமானம் அன்றைக்கு அந்த வழியில் ஓடியது, அவ்வளவுதான்.

5 டிகிரித் தண்ணீர். இறக்கை மேல் நின்றவர்களின் முழங்கால் வரை ஏறியது. முதல் பயணிப் படகு நாலு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது. பட்டப்பகல், காற்று அதிகமில்லை, படகுத்துறை பக்கத்திலேயே. இதில் எது ஒன்று குறைந்திருந்தாலும் 155 என்கிற எண் நின்றிருக்காது. கேப்டன் செய்ததை நான் ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெயர் வாசலில் இருக்கட்டும், தகுதியான பெயர். ஆனால் வாசல் பலகை ஒரு பெயரைத்தான் சொல்லும், அந்த உடம்பு மற்ற எல்லாவற்றையும் சொல்கிறது. ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடித்தால், அண்ணே, முதலில் மறைவது அந்தப் பின்வயிறுதான். அப்புறம் அங்கே நிற்பது ஏதோ ஒரு ஏ320. அதைப் பார்க்க எந்த ஏர்போர்ட்டுக்கும் போகலாமே.

இத்தனைக்கும் இந்த விமானம் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். ஆற்றிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கி, நியூஜெர்சியில் ஒரு யார்டில் போட்டு, ஏலத்துக்கும் விட்டார்கள். கடைசியில் சார்லட் அருங்காட்சியகம் அதைப் பெற்றது. 2011 ஜூனில் உடம்பை லாரியில் ஏற்றி, நாட்கணக்கில் சாலை வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கிளம்பி இரண்டரை வருடம் ஆகப்போகிற நேரத்தில், போய்ச் சேர வேண்டிய ஊருக்கே வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பயணிகளில் பலர் அந்தப் பகுதிக்காரர்கள்.

எல்லா விபத்து விமானத்தையும் இப்படி நிறுத்தி வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 1996-ல் 230 பேர் இறந்த டிடபிள்யூஏ 800 விமானத்தின் உடைசல்களை அமெரிக்க விசாரணை அமைப்பு ஒட்டவைத்து, விசாரணையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க மட்டும் வைத்திருந்தது. பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை என்று இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் காப்பாற்றினார்கள். அதுதான் முறை. சாவு நடந்த இடத்தில் குடும்பத்தின் சொல்தான் கடைசிச் சொல்.

ஆனால் ஜப்பானைப் பாருங்கள். 1985-ல் 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. அதற்கு ஏழு வருடம் முன்பு வால் தரையில் உரசியதற்குச் செய்த பழுதுபார்ப்பில், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கும்படி விட்டுவிட்டார்கள். அதனால் உடைந்த பின் அழுத்தச் சுவரை, அதாவது உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தைத் தாங்குகிற வால்பக்கச் சுவரை, அந்த நிறுவனமே 2006-லிருந்து ஹனேடா பக்கத்தில் வைத்து, தன் ஊழியர்களைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டுகிறது. அறிக்கையாகப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அண்ணனுக்கே இது தெரியும்.

அண்ணே, நம்ம பயிற்சிக் கூடத்தில் ஒரு ஃபேன் பிளேடு, எஞ்சின் முன்பக்க விசிறியின் இதழ், இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பருந்து அடித்து நுனி மடங்கியது. எஞ்சினிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்ததே நீங்கள்தான். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும், பாடம் ஆரம்பிக்கும் முன்னால், "கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருடா, எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு" என்பீர்கள். என் முறை வந்தபோது விரல் நுனிக்கு அந்த மடிப்பு சில்லென்று தட்டுப்பட்டது. ஒரு கிலோகூட இருக்காத பறவை, டைட்டானியத்தைக் காகிதம் மாதிரி மடித்திருந்தது. அதற்கப்புறம் ரன்வே ஓரம் பறவையை இழுக்கிற மாதிரி ஒரு எலும்புத்துண்டு கிடந்தாலும் நான் குனிந்து பொறுக்காமல் போனதில்லை.

ஒரு வருடம் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கூடத்தைச் சுத்தம் பண்ணினார்கள். உடைந்த சாமான் எல்லாம் ஒரே லோடில் வெளியே போனது. நீங்கள் கேட்டைத் தாண்டி ஓடினீர்கள், வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த பேட்ச் பையன்களுக்கு அதன் போட்டோவைக் காட்டினீர்கள். ஒருத்தன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவனுக்குக் கொடுத்தான்.